ஆடாத ஊசி

ஜூன் 5, வியாழன்

எழுத்து கோணல்மாணலாகப் போகிறது, போகட்டும்.

முழங்கை வளைவில் இன்று முட்டை வண்டி நின்றுவிட்டது. அந்த மலைப்பாதையிலேயே செங்குத்தான இடம் அதுதான். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை. நன்றாக இழுத்துக்கொண்டு வந்த வண்டி ஒரு விக்கல் விக்கியது, இன்னொரு விக்கல், அப்புறம் சத்தமே இல்லை. நின்ற இடத்தில் நின்றாலாவது பரவாயில்லை. பின்னால் நகர ஆரம்பித்தது. இன்ஜின் நின்றால் பிரேக்கும் கல் மாதிரி இறுகிவிடும் என்று என் வீட்டுக்காரர் எப்போதோ சொன்னது காலில்தான் புரிந்தது. எழுந்து நின்று மிதித்தேன். பின்சக்கரம் ஏதோ கல்லில் போய் முட்டி நின்றது. நான் நிறுத்தவில்லை. அந்தக் கல்தான் நிறுத்தியது.

பக்கத்து சீட்டில் மகள். பள்ளிக்கூடப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, "அம்மா, முட்டை" என்றாள். இறங்கிப் போய்ப் பார்த்தால் பின்கதவு இடுக்கு வழியாக மஞ்சளும் வெள்ளையுமாக வழிந்து தார் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பா அது? நின்று பார்த்தால் கன்னமெல்லாம் ஈரம்.

பானெட்டைத் திறந்து டீசல் ஏற்றும் கைப்பம்பை அழுத்து அழுத்தென்று அழுத்தி, சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. சக்களத்தி! சும்மா வைத்த பெயரில்லை. கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்ததைவிட இந்த வண்டியின் முகத்தைத் துடைத்ததுதான் அதிகம்.

ஜூன் 6, வெள்ளி

மெக்கானிக் தம்பியை எல்லோரும் ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கையில் அது இல்லாமல் அவர் தேநீர் குடித்துக்கூட நான் பார்த்ததில்லை. பானெட்டுக்குள் தலையை விட்டு எடுத்து, உதட்டைப் பிதுக்கினார்.

"ஃபீட் பம்ப் தளர்ந்துபோச்சு அக்கா. டேங்க்ல இருந்து டீசலை இழுத்து இன்ஜினுக்குத் தள்றது இதுதான். சமதரையில தாங்குது. ஏத்தத்துல இன்ஜின் நிறைய கேக்கும், இதால தள்ள முடியல. அதான் மூச்சு நின்னுபோகுது."

"மாத்திடுங்க."

"இந்த மாடலுக்கு இங்க கிடைக்காது. சொல்லி அனுப்பியிருக்கேன், வரணும். அதுவரைக்கும் ஓட்டாம இருந்தா நல்லது."

ஓட்டாமல் இருப்பதா? நான் வரவில்லை என்பதற்காகப் பண்ணையில் கோழிகள் முட்டை போடாமல் இருக்குமா? நான்கு நாள் போகவில்லை என்றால் பண்ணைக்காரர் வேறு வண்டியைப் பிடித்துவிடுவார். வீட்டில் ஓட்டத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஓட்டக்கூடியவள் நான் ஒருத்திதான். வீட்டுக்காரருக்கு வலது கண் போனபோது ஸ்டியரிங் என் கைக்கு வந்தது. இடது கண்ணில் பெரியது தெரியும், சின்னது தெரியாது. ஆள் வருவது தெரியும். யார் என்று குரலை வைத்துத்தான் சொல்வார். இது இப்படியே இருக்கும், இதற்குமேல் மோசமாகாது என்று மலை மேலே இருக்கிற கண் ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இந்த வீடு நடக்கிறது.

என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்பேனர், "சரி, ஒரு பிரஷர் கேஜ் மாட்டித் தரேன். டீசல் எவ்வளவு அழுத்தத்துல போகுதுன்னு காட்டும். ஊசியைப் பாத்துட்டே ஓட்டுங்க" என்றார்.

ஜூன் 7, சனி

மாட்டியாகிவிட்டது. கைக்கடிகாரத்தைவிடக் கொஞ்சம் பெரியது. வண்டிக்குள் இல்லை, வெளியே, முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் பக்கத்தில் எனக்கு நேராக. உள்ளே வைத்தால் என்ன என்று கேட்டேன். "டீசல் ஓடுற குழாய் அக்கா. உள்ள இழுத்து, அது எங்கயாவது விட்டுச்சுன்னா டீசல் உங்க மடியில" என்றார். நல்லவேளை கேட்டேன்.

பாடம் இதுதான்: ஊசி பத்துக்கு மேல் இருந்தால் சுகம். ஏற்றத்தில் கொஞ்சம் இறங்கும், பயப்பட வேண்டாம். ஐந்துக்குக் கீழே போனால் யோசிக்கவே கூடாது, ஓரம் கட்டிவிட வேண்டும். நம்பர் பொடியாக இருக்கிறதென்று மகள் தன் நகப்பூச்சை எடுத்து வந்தாள். பத்துக்கு மேல் பச்சை, ஐந்துக்குக் கீழ் சிவப்பு. பச்சை நகப்பூச்சை எந்தப் பெண் பூசுவாள்? என் மகள் பூசுவாள்.

குழாய்க்கும் கேஜுக்கும் நடுவில் சின்னதாக ஒரு திருகு இருக்கிறது. அது என்ன என்றேன். "ஊசி ரொம்ப ஆடாம இருக்கறதுக்கு. அளவா திறந்து வெச்சிருக்கேன். நீங்க அதைத் தொடாதீங்க."

என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று குழாயை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "நான் ஓட்டின காலத்துல காதாலயே கண்டுபிடிப்பேன். ஊசியாம் ஊசி." ஆனால் மதியம் முழுக்க உட்கார்ந்து ஒரு மரக்கட்டையைச் சாய்வாக அறுத்து, சீட்டுக்கு அடியில் கொண்டுவந்து வைத்தார். சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க. அளவு பார்க்காமல் கைப்பழக்கத்திலேயே அறுத்தார். விரலை அறுத்துக்கொள்வாரோ என்று நான் பக்கத்திலேயே நின்றேன்.

ஜூன் 9, திங்கள்

இனிமேல் மகள் பேருந்தில்தான் பள்ளிக்குப் போவாள். மலை மேலே இருக்கிற பள்ளி. பேருந்து சுற்றிக்கொண்டு போகும். முதல் பீரியட் போய்விடும். போனால் போகட்டும்.

"நீ மட்டும் இதுல போவியா?" என்று கேட்டாள். நான் டிபன் டப்பாவை மூடினேன்.

ஜூன் 10, செவ்வாய்

அந்த ஊசி ஆடுகிறது.

நிற்கவே நிற்பதில்லை. கீழே சமதரையில் பன்னிரண்டு, பதிமூன்று என்று துடித்துக்கொண்டிருக்கும். ஏற்றம் தொடங்கியதும் பத்து, எட்டு, மறுபடி ஒன்பது, ஏழு. முழங்கை வளைவில் ஐந்தைத் தொட்டுத் தொட்டு எழும்புகிறது. கீழே போனதா, தொட்டதா? அதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் எதிரே வந்த பேருந்தைக் கடைசி நேரத்தில்தான் பார்த்தேன். டிரைவர் கையை வெளியே நீட்டி என் பரம்பரையையே திட்டிக்கொண்டு போனார். ரோட்டைப் பார்த்தால் ஊசியைப் பார்க்க முடியவில்லை. ஊசியைப் பார்த்தால் ரோடு இல்லை.

இந்தக் கருமத்தை மாட்டாமலே இருந்திருக்கலாமோ? தெரியாமல் போயிருந்தால் தெரியாமலாவது போயிருக்கும்.

ஜூன் 11, புதன்

சிவப்பு. வளைவுக்கு முன்னால் பழைய தண்ணீர்த் தொட்டி இருக்கிற இடத்தில் ஓரம் கட்டினேன். கட்டை வைத்தேன். இன்ஜின் ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன். திரும்பக் கிளம்பக் கால் வரவில்லை. முப்பது வயதுக்குமேல் வண்டி பழகினவள் நான்; பழகின முதல் நாள்கூட இப்படிப் பயந்ததில்லை.

வீட்டில் கேட்டார், "வண்டி எப்படி?" "நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன்.

ஜூன் 13, வெள்ளி

தூக்கம் போய்விட்டது. சோறு இறங்கவில்லை. சுவர்க் கடிகாரத்தின் சின்ன முள் துடிப்பதைப் பார்க்க முடியாமல் அதைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டேன். மகள், "அம்மா, அதுவும் டீசல்லயா ஓடுது?" என்றாள். அவளுக்கு வாய் என்னைப் போல. ஒரு அறை விட்டிருப்பேன், சிரித்துவிட்டேன், சிரித்தது அழுகையாகிவிட்டது. அவர்கள் இரண்டு பேரும் முன்னால் இருக்க, தட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "எனக்குப் பயமா இருக்கு. நான் செத்துப்போயிட்டா உங்க ரெண்டு பேரையும் யார் பாத்துக்குவாங்க?" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

அவர் எனக்குத் தண்ணீர் ஊற்றினார். டம்ளரில் இல்லை, டம்ளருக்குப் பக்கத்தில், மேஜையில். "என்னங்க, எங்க ஊத்துறீங்க!" என்று அவர் மேலேயே கத்தினேன். "ஏதோ ஞாபகம்" என்றார்.

ஜூன் 15, ஞாயிறு

வண்டிக்கு ஓய்வு. எனக்கும். மதியம் அசந்து தூங்கிவிட்டேன். வெளியே இன்ஜின் ஓடும் சத்தம் கனவில் கேட்டதா, நிஜமா? எழுந்து கேட்டேன். "பேட்டரி இறங்கிடாம இருக்க பாப்பா சாவி போட்டா, நான் பக்கத்துல நின்னேன்" என்றார். கையெல்லாம் டீசல் வாசனை. பழைய காதலியைப் பார்த்துவிட்டு வந்த மாதிரி ஒரு முகம்.

ஜூன் 16, திங்கள்

நம்ப முடியவில்லை. ஊசி ஆடவில்லை!

கீழே பன்னிரண்டில் நின்றது. ஏற்றத்திலும் பன்னிரண்டு. முழங்கை வளைவிலும் அப்படியே, பச்சைக்குள், ஆணி அடித்தது போல. வண்டிதான் கொஞ்சம் இருமினது. அது எப்போதும் இருமுவதுதான். மேலே போய்ச் சேர்ந்து, கடைக்காரர்களுக்கு முட்டை எண்ணிக் கொடுக்கும்போது வாய் தானாகப் பாட்டை முணுமுணுத்தது. குழாயில் ஏதாவது காற்று அடைத்திருந்து, ஞாயிற்றுக்கிழமை ஓடவிட்டதில் சரியாகிவிட்டதோ?

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் கேட்டார், "ஊசி இன்னைக்கு அமைதியா இருந்துச்சா?" ஊசியாம் ஊசி என்ற மனுஷன்! "சமத்தா இருந்துச்சு" என்றேன். இந்தத் தடவை உண்மை.

ஜூன் 18, புதன்

நன்றாகச் சாப்பிட்டேன். நன்றாகத் தூங்கினேன். வேறொன்றும் எழுத இல்லை. இதுவே எழுதத்தான் வேண்டும்.

ஜூன் 20, வெள்ளி

பம்ப் இன்னும் வரவில்லை என்று ஸ்பேனர் போனில் சொன்னார். அவசரமில்லை தம்பி என்றேன். "ஊசி எப்படி அக்கா?" "கண்ணு மாதிரி நிக்குது." "பரவாயில்லையே" என்றார், கொஞ்சம் இழுத்து.

காலையில் முன்கண்ணாடியோடு சேர்த்துக் கேஜையும் துடைக்கிறேன். பச்சையில் நிற்கிற ஊசியைப் பார்த்தபடி துடைப்பது ஒரு சுகம். சக்களத்தியோடு சமாதானம் ஆகிவிட்டேன்.

ஜூன் 23, திங்கள்

மகள் மறுபடியும் என்னோடு வருகிறாள். பேருந்தில் போய்த் தினமும் வகுப்புக்கு வெளியே நிற்கிறாளாம். "இந்த வாரம் வண்டியில வரட்டுமாம்மா?" என்றாள். ஊசியை நினைத்துக்கொண்டேன். சரி என்றேன்.

ஏறி உட்கார்ந்ததும் கண்ணாடி வழியாக ஊசியைப் பார்த்துவிட்டு, "இனிமே அது ஆடாதும்மா" என்றாள். எவ்வளவு உறுதி! இவள்தான் எனக்குத் தைரியம் சொல்கிறாள்.

ஜூன் 26, வியாழன்

எப்படி எழுதறது. எழுதினாத்தான் இது என்னைவிட்டுப் போகும்.

முழங்கை வளைவு. வண்டி விக்குது. நான் ஊசியைப் பாக்கறேன், பச்சை. சரி, ஒண்ணுமில்லன்னு மிதிக்கறேன். மறுபடி விக்குது. பச்சை. தண்ணித் தொட்டி பக்கத்துலயே ஓரம் கட்டியிருக்கலாம், இடம் இருந்துச்சு, மனசு கூடச் சொல்லிச்சு. ஊசி பச்சையில இருக்கேன்னு தாண்டி வந்துட்டேன். வளைவு நடுவுல இன்ஜின் நின்னுபோச்சு.

இன்ஜின் செத்துப்போச்சு. ஊசி மட்டும் அப்படியே பச்சையில நிக்குது. பன்னிரண்டு.

அதைப் பாத்து நான் உறைஞ்சே போயிட்டேன். செத்தவங்க கண்ணு திறந்திருந்தா எப்படி இருக்கும், அப்படி இருந்துச்சு.

வண்டி பின்னால நகருது. ரெண்டு காலும் பிரேக்குல. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், வருது, பிடிக்கல. கியர்ல போடணும்னு தோணவே இல்ல. தோணினது அப்புறம்தான். காலைக் கொஞ்சம் தளர்த்தினாலும் போயிடும். அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல.

"அம்மா, கட்டை" என்றாள். குனிஞ்சு சீட்டுக்கு அடியில இருந்து எடுத்துட்டா.

"வேண்டாம். இறங்காதே."

"நீ காலை எடுக்க முடியாதும்மா."

கதவைத் திறந்து இறங்கிட்டா. சைடு கண்ணாடியில ஒரு செகண்ட் அவ சடை தெரிஞ்சுது. அப்புறம் இல்ல. வண்டிக்குப் பின்னால போயிட்டா. சக்கரத்துக்குப் பின்னால என் பொண்ணு, வண்டி நிறைய முட்டை, அவ்வளவு பாரமும் என் ரெண்டு காலுல. தொடை துடிக்குது. செருப்பு வழுக்குது. வண்டி ஒரு விரக்கடை நகர்ந்துச்சு. அந்த ஒரு விரக்கடை. சாமி, அந்த ஒரு விரக்கடைக்கு அவ எங்க நின்னான்னு எனக்கு இப்பவும் தெரியாது. கேக்கவும் மாட்டேன்.

"வெச்சுட்டேன்!"

"தள்ளிப் போ! பாறைப் பக்கம் போ! போயிட்டியா?"

"போயிட்டேன்மா."

பார்க்காம காலை எடுக்க மாட்டேன்னேன். பாறை ஓரமா வந்து கையை ஆட்டினா. அப்பத்தான் கொஞ்சம் கொஞ்சமா விட்டேன். கட்டை நறநறன்னுச்சு. நின்னுடுச்சு.

மேலேருந்து இறங்கிவந்த லாரிக்காரர் ஒருத்தர் தன்னோட கட்டைகளையும் வெச்சுக்கொடுத்து, மெதுவா ரிவர்ஸ்ல தொட்டி வரைக்கும் இறக்க உதவி செஞ்சார். மகள் கை முட்டியில சிராய்ப்பு. ரெண்டு பேரும் தொட்டி மேல உட்கார்ந்திருந்தோம். "நான் இறங்கினதை அப்பாகிட்ட சொல்லாதேம்மா" என்றாள். அப்புறம் ரொம்ப நேரம் கழிச்சுத்தான் அவளுக்கு நடுக்கம் வந்துச்சு. கட்டிப்பிடிச்சுக்கிட்டேன். அவ நடுங்கினாளா, நான் நடுங்கினேனா, ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு.

ஜூன் 27, வெள்ளி

ஸ்பேனரிடம் சண்டை போடத்தான் போனேன். வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள். "உங்க ஊசி பொய் சொல்லுது தம்பி. அதை நம்பி என் பொண்ணை ஏத்தினேன்" என்று பட்டறைக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

அவர் பானெட்டைத் தூக்கினார். கேஜைப் பார்த்தார், இன்ஜினைப் பார்த்தார். "அக்கா, வண்டி ஓடலையே. ஓடாத வண்டியில ஊசி எப்படி நிக்கும்?"

இன்ஜினை அணைத்தால் ஊசி கீழே வர வேண்டும். முதல் வாரம் அப்படித்தான் வந்தது. தினமும் காலையில், ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால், பச்சையில் நிற்கிற ஊசியைச் சந்தோஷமாகத் துடைத்தவள் நான்தான். ஒரு நாளாவது யோசித்தேனா? நிம்மதி வந்ததும் அறிவு போய்விட்டது.

ஸ்பேனர் அந்தச் சின்னத் திருகைத் தொட்டுப் பார்த்தார். "யாரோ முழுசா மூடியிருக்காங்க. மூடின நேரத்துல உள்ள இருந்த அழுத்தம் அப்படியே மாட்டிக்கிட்டிருக்கு. அதுக்கப்புறம் வண்டியில என்ன நடந்தாலும் ஊசிக்குத் தெரியாது." திருகைத் திறந்தார். ஊசி சட்டென்று பூஜ்யத்தில் விழுந்தது.

"நீங்க தொட்டீங்களாக்கா?"

"இல்ல."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை டீசல் வாசனை அடித்த கை என் கண்ணுக்கு முன்னாலேயே நின்றது.

சாயங்காலம் கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்காரரிடம் கேட்டேன். மறைக்கவில்லை. "ஆமா, நான்தான்" என்றார்.

"ஏன்?"

"நீ சாப்பிடல. தூங்கல. அழுதுட்டே ஓட்டினே. அப்படி ஓட்டினா பம்ப் கெட்டதைவிட அது ஆபத்து. கொஞ்சம் இறுக்கினா ஆட்டம் அடங்கும், அது எனக்குத் தெரியும். இறுக்கினேன். முழுசா மூடினது எனக்குத் தெரியல. சத்தியமாத் தெரியல."

"ஆடினாத்தானேங்க அது ஊசி! அவ இறங்கிப் போய்ச் சக்கரத்துக்குப் பின்னால நின்னு கட்டை வெச்சா. தெரியுமா உங்களுக்கு?"

சொல்லக் கூடாது என்று மகள் கேட்டிருந்தாள். சொல்லிவிட்டேன். கோபத்தில் நாக்கு நிற்காது எனக்கு. அவர் கட்டிலின் ஓரத்தைக் கையால் தேடி, உட்கார்ந்தார். நான் அவரைச் சமாதானம் செய்யவில்லை. இன்னும் செய்யவில்லை.

ஜூன் 28, சனி

துணி துவைக்கும்போது சட்டென்று தோன்றியது. அவருக்குத்தான் ஊசி தெரியாதே. அப்படியானால் ஆட்டம் நின்றதை யார் பார்த்துச் சொன்னது?

ஜூன் 29, ஞாயிறு

மகளைக் கேட்டேன். கேட்கிற தொனியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அப்பா திருகினார். நான் வண்டிக்குள்ள உட்கார்ந்து ஊசியைப் பாத்தேன். 'நின்னுச்சா, நின்னுச்சா'ன்னு கேட்டார். இன்னும் லேசா ஆடுதுப்பா, இன்னும் கொஞ்சம்னு நான்தான் சொன்னேன். கடைசியில நின்னுடுச்சு. நான்தாம்மா நிறுத்தச் சொன்னேன்." முட்டியில் காய்ந்த பொருக்கைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள். "நீ அழக் கூடாதுன்னுதான்."

என்ன செய்வது இவர்களை? எனக்குப் பயம் வரக் கூடாது என்று பயந்துபோய் இரண்டு பேரும் சேர்ந்து என் கண்ணைக் கட்டிவிட்டிருக்கிறார்கள். அவளும் அந்த ஊசியை நம்பித்தான் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். அடிக்கவா, கட்டிக்கொள்ளவா? பொருக்கைக் கிள்ளாதே, சீழ் பிடிக்கும் என்று மட்டும் சொன்னேன்.

ஜூலை 1, செவ்வாய்

பம்ப் வரும்வரை வண்டியை எடுக்கப்போவதில்லை என்று பண்ணைக்குச் சொல்லிவிட்டேன். முணுமுணுத்தார்கள். வேறு வண்டி வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். வைத்துக்கொண்டார்கள்.

வீட்டில் மூன்று பேரும் மூன்று மூலையில்.

ஜூலை 4, வெள்ளி

புது பம்ப் மாட்டியாகிவிட்டது. பட்டறையில் சாவி போட்டதும் ஊசி எழுந்து பதினான்கில் நின்று துடித்தது. என்னையறியாமல் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

"திருகைக் கொஞ்சம் இறுக்கித் தரட்டுமாக்கா? ஆட்டம் குறையும்."

"வேண்டாம் தம்பி. ஆடட்டும்."

பண்ணைக்காரர் திங்கள்கிழமையிலிருந்து பழையபடி வரச் சொல்லிவிட்டார். அந்த வேறு வண்டிக்காரன் பாதி முட்டையை உடைத்துவிட்டானாம். அடுத்தவன் உடைத்த முட்டையில் ஒரு சந்தோஷம், வெட்கமில்லாமல்.

ஜூலை 7, திங்கள்

முழங்கை வளைவில் ஊசி ஒன்பதுக்கு இறங்கியது. மறுபடி எழுந்தது. மேலே போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்குப் போன் போட்டேன். "ஒன்பது வரைக்கும் இறங்குச்சு. பயந்துட்டேன். வந்து சேந்துட்டேன்" என்றேன். அந்தப் பக்கம் அவர், "ம்" என்றார். அப்புறம், "சொன்னதுக்கு நல்லது" என்றார். எத்தனையோ நாளுக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான்.

ஜூலை 9, புதன்

மகளுக்குப் பள்ளி விடுமுறை. காலையில் நான் கிளம்பும்போது அவர் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "நானும் வரேன்." கண் போனதிலிருந்து இந்த வண்டியில் அவர் ஏறியதே இல்லை. பக்கத்து சீட்டில் உட்காருவது அவருக்கு அவமானம். கதவுப் பிடியைத் தேடினார். நான் உள்ளேயிருந்து திறந்துவிட்டேன். படியைக் காலால் தடவி ஏறினார்.

ஏற்றம் தொடங்கியது. "எவ்வளவு?" என்றார்.

"பதிமூணு. ஆடுது."

கொஞ்ச தூரம் போனதும், "இப்போ?"

"பதினொண்ணு."

"பயமா இருக்கா?"

இல்லை என்றுதான் வாயில் வந்தது. விழுங்கிவிட்டேன். "இருக்கு. முழங்கை வளைவை நினைச்சாலே இருக்கு" என்றேன்.

தலையை ஆட்டினார். வெளியே பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாறைப் பக்கம்தான் பார்த்தார், பள்ளத்தாக்குப் பக்கம் இல்லை. "எனக்கும் ஒண்ணு சொல்லணும்" என்றார். "இடது கண்ணு. போன மாசத்துல இருந்து மங்கிட்டே வருது. நீ தூங்காம இருந்தியே, அதான் சொல்லல."

டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றிய தண்ணீர். கட்டில் ஓரத்தைத் தேடிய கை. நின்னுச்சா, நின்னுச்சா.

ஊசியைப் பார்த்தேன். பச்சையில்தான் இருந்தது. ஆனாலும் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் ஓரம் கட்டினேன். கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இறங்கிக் கட்டையை வைத்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். முட்டை காத்திருக்கட்டும், மேலே கண் ஆஸ்பத்திரி திறக்க இன்னும் நேரம் இருக்கிறது.

"எவ்வளவு தெரியுது? உள்ளதைச் சொல்லுங்க" என்றேன்.

சொன்னார்.